கம்பத்தைச் சுற்றிய படகு

படகு விடக் கற்றுக்கொள்ள நான் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. ஏரி வேலைகளைப் பார்க்க ஊசுட்டேரிக்கு வந்திருந்த வெள்ளைக்காரத் துரைக்கு ஒரு மகள். அவளுக்கும் இன்னும் சில பிள்ளைகளுக்கும் ஒரு வாரம் பாய்ப்படகு ஓட்டச் சொல்லித்தர அவர் முடிவு செய்தார். பையன்கள் இரண்டு பேர் கிடைத்துவிட்டார்கள். மகளுக்குத் துணையாக ஒரு பெண் வேண்டும் என்று எங்கள் கன்னியர் மடத்துப் பள்ளிக்கு ஆள் வந்தது. வாயாடியை அனுப்பினால் ஒரு வாரம் நிம்மதி என்று மதர் நினைத்திருக்க வேண்டும். என்னைக் கைகாட்டினார்.

துரை நல்லவர்தான். கெட்டவராக இருந்திருந்தால் ஊர் முதலிலேயே சுதாரித்திருக்கும். தண்ணீர் குறைந்தால் படகு தரைதட்டும் என்று, பாடம் முடியும்வரை ஏரி மதகை மூடி வைக்கச் சொல்லிவிட்டார். ஒரு வாரம்தானே என்றாராம். பருவம் தப்பி நட்ட நெல் கதிர்விட்டுப் பால் பிடிக்கிற வாரம் அது. மதகை ஒட்டிய தலைமடைக் கழனிகள் முறைப்படி பாய்ந்து முடிந்திருந்தன. எங்கள் கழனி வாய்க்கால் முடிகிற இடத்தில், கடைமடையில் இருந்தது. திங்கட்கிழமை எங்களுக்குத் தண்ணீர் முறை. அந்தத் திங்கட்கிழமைதான் நான் படகில் ஏறினேன்.

அந்த வாரத்து வானத்தை நம்பி ஒரு துணி காயப்போட முடியவில்லை. காலையில் இலை அசையாது. பாய் ஈர வேட்டியாகத் தொங்கும். மத்தியானம் மேல்காற்று அனலாக அடித்துப் படகைக் கோரைப்புல்லில் கொண்டுபோய்ச் சொருகும். செவ்வாய்க்கிழமை வானம் இருண்டு இடித்தது. கரையில் நின்றவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மழையோ கிழக்கே போய், ஏற்கெனவே தண்ணீர் போதாத மாதிரி, கடலில் கொட்டியது. எங்களுக்கு நாலு தூறல்.

ஏரியின் நடுவே ஒரு கம்பம் நட்டிருந்தார்கள். தனியாகப் போய் அதைச் சுற்றி வந்தால் பாடம் முடிந்தது. வியாழக்கிழமைக்குள் மற்ற மூன்று பேரும் சுற்றிவிட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் மதகைத் திறக்கச் சொல்லிக் கேட்கப் போனார்கள். இந்தப் பெண்ணும் சுற்றி வரட்டும், அந்த நிமிஷமே திறக்கலாம் என்று துரை சிரித்துக்கொண்டே சொன்னதை அவருடைய டவாலிச் சேவகன் தமிழில் சொன்னான். எனக்கு உற்சாகமூட்டுவதாக அவர் நினைப்பு. அன்று முதல் கரை முழுக்க ஜனம். ஊர்ச் சோறு என் கையில்.

எனக்கோ அது வரவே இல்லை. நான் அப்பாவின் வண்டியை ஓட்டிப் பழகியவள். கயிற்றை எந்தப் பக்கம் இழுக்கிறோமோ அந்தப் பக்கம் மாடு திரும்பும். படகைத் திருப்புகிற சுக்கான் கட்டையோ நேர் எதிர். வலப்பக்கம் இழுத்தால் படகு இடப்பக்கம் போகும். தலைக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. கரையில் இருந்தவர்களும் மாடு ஓட்டுகிறவர்கள்தானே. "சோத்துக்கை பக்கம் இழுடி" என்று கத்துவார்கள். நானும் இழுப்பேன். படகு கோரைக்குள் போகும். அழுகை முட்டிக்கொண்டு வரும்.

அப்பா மட்டும் கத்தவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு கதிரோடு வீட்டுக்கு வந்தார். நெல்லை நகத்தால் நசுக்கினார். கொஞ்சம் பால் கசிந்தது.

"நாளைக்குச் சுத்திடுவியாடி?" என்றார்.

காற்று வந்தால் சுற்றுவேன் என்றேன். அம்மா ஜெபமாலையை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டாள்.

சனிக்கிழமை உச்சிவேளைவரை காற்றே இல்லை. பிறகு திடீரென்று மேற்கே கறுத்து, ஏரித் தண்ணீர் சிற்றலையாகச் சுருங்கிச் சுருங்கி வந்தது. பாய் புடைத்தது. கம்பத்துக்குப் பக்கத்தில் போனதும் கரையிலிருந்து அதே கத்தல், சோத்துக்கை பக்கம், சோத்துக்கை பக்கம். எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. துரைமேல், மதர்மேல், கத்துகிற அத்தனை பேர்மேலும் கோபம். போங்கடா என்று வீம்புக்குக் கட்டையை இடப்பக்கம் இழுத்தேன். படகு கம்பத்தை உரசிக்கொண்டு வலப்பக்கம் திரும்பியது.

மதகு திறந்தது. யாரோ என்னைத் தூக்கிக்கொண்டு கரையெல்லாம் நடந்தார்கள். நான் அப்பாவைத் தேடினேன். அவர் மதகடியில் பெரியவர்கள் நடுவே நின்றிருந்தார்.

"மூடித் தொறந்தா தலமடையில இருந்துதான் மொற. அதான் வழக்கம்" என்றார் ஒருவர். அவர் கழனி மதகை ஒட்டி இருந்தது.

"மூடனது நாமளா?" என்றார் அப்பா.

அதற்குள் வாய்க்காலில் தண்ணீர் முதல் கழனிக்குள் திரும்பிவிட்டது. மேற்கே கறுத்திருந்த மேகமும் காற்றோடு கலைந்து போயிற்று.

எங்கள் முறை வந்தபோது கதிர்கள் நிமிர்ந்து நின்றன. நெல்லுக்குள் ஒன்றும் இல்லை. உள்ளங்கையில் வைத்து ஊதினால் பறந்தது. அப்பா மண்வெட்டியோடு போய் மடையை வெட்டினார். இனி எதற்குத் தண்ணீர் என்று கேட்டேன்.

"மொறைய வுட்டுட்டா அடுத்த போகத்துக்கும் இல்லன்னுடுவானுங்க" என்றார்.

ஒரு வாரம் என்னைச் சுமந்த தண்ணீர் அந்தப் பதருக்குள் போய் நிறைந்தது. எனக்கு அதில் கால் வைக்கவே பிடிக்கவில்லை. கழனி நிறைகிறவரை அப்பா வரப்பில் காத்திருந்தார். நிறைந்ததும் மடையை அடைத்துவிட்டு மண்வெட்டியைக் கழுவினார்.