கணுக்கால் வரை

போன வாரம் தஞ்சாவூரில் ஒரு துணிக்கடைக்குப் போயிருந்தேன். பள்ளிக்கூட ஆண்டு விழா வருகிறது, கட்டிக்கொள்ள ஒரு நல்ல சேலை வேண்டும். விரித்துக் காட்டுகிறவர் என்னை மேலும் கீழும் ஒரு தடவை அளந்துவிட்டு, "உங்க உசரத்துக்கு அகலக் கரைதாங்க எடுக்கும். சின்னக் கரை கட்டுனீங்கன்னா கொடிக்கம்பத்துல கயிறு சுத்துன மாதிரி இருக்கும்" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது சரிதான். கோடு போட்டது யாருக்கு, கட்டம் போட்டது யாருக்கு, குட்டைக் கழுத்துக்கு ரவிக்கை எப்படி வெட்ட வேண்டும் என்று நானே அவருக்கு ஒரு வாரம் பாடம் நடத்துவேன். ஆனால் அவர் ஒரு பருத்திச் சேலையை உதறி விரித்தபோது அதிலிருந்து மொடமொடப்பான கஞ்சி வாசனை எழுந்து வந்தது. அதோடு சேலை எடுக்கிற ஆசை போய்விட்டது. அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து பேருந்து நிலையத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

கஞ்சி எங்கள் வீட்டில் குடிப்பதற்கு இருந்தது. அதைச் சேலைக்கும் கொடுப்பார்கள் என்பது ஆசிரியர் பயிற்சிப் பள்ளி விடுதிக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். வந்த முதல் சனிக்கிழமை, குழாயடியில் என் அறைத்தோழி ஒரு வாளிக் கஞ்சியில் தன் பருத்திச் சேலையை முக்கி எடுத்தாள். அவளுக்கு மாயவரம். மீதிக் கஞ்சியை அவள் சாக்கடையில் சாய்த்தபோது நான் "ஐயோ" என்றுவிட்டேன். "என்னடி?" என்றாள். "ஒண்ணுமில்ல, கால்ல பட்ருச்சு" என்றேன். என்னைப்போல் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள் இப்படிப்பட்ட பொய்களில் பெரிய கெட்டிக்காரர்கள்.

அந்த மாயவரத்துக்காரிக்கு உடம்பைப் பார்த்தாலே சேலை தோன்றிவிடும். குட்டையாக இருப்பவள் அகலக் கரை கட்டினால் இன்னும் குட்டையாவாள். அவளுக்கு ஒற்றை நிறம், ஓரத்தில் நூல் மாதிரிக் கரை, நெடுக்குக் கோடு. தோள் அகன்றவளுக்கு ரவிக்கையின் கை முழங்கை வரை வர வேண்டும், முந்தானையை ஒற்றையாக விடாமல் மடித்துப் போட வேண்டும். இடுப்பு பெருத்தவள் கொசுவத்தைக் குறைத்து நெருக்கமாக வைக்க வேண்டும். என்னை அவள் சுவரோரம் நிறுத்திவைத்துப் பார்த்தாள். "நீ நெட்டை, ஒல்லி. காறை எலும்பு ரெண்டும் தூக்கிக்கிட்டு நிக்குது. ஒனக்குக் கழுத்து ஏறின ரவிக்கை, கட்டம் போட்ட சேலை, பஃப் கை. வேற எதையும் தொடாதே" என்று தீர்ப்புச் சொன்னாள். என்னிடம் இருந்தவை மொத்தம் இரண்டு சேலைகள், இரண்டிலும் கட்டம் கிடையாது. அவளுடையதைக் கட்டிவிட்டாள். விடுதிக் கூடத்தில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று உண்டு. தலை முதல் கால் வரை என்னை ஒரே பார்வையில் நான் பார்த்தது அன்றுதான். பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. இன்றுவரை முழுசாக இறங்கவில்லை.

அந்தக் கண்ணாடி முன்னால் நின்றபோது எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. எங்கள் தெருவில் வயல் வேலைக்குப் போகிற பெண்கள் சேலையை முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தி, பின்பக்கம் தூக்கிச் செருகியிருப்பார்கள். சேற்றில் இறங்கி நடவு நட அதுதான் வசதி. ஆனால் வசதி என்பது பாதிதான். கரையேறிய பிறகும் அதை இறக்கிவிடக் கூடாது என்பது மீதி. யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. மிராசுதார் தெருவில் நடக்கும்போது எங்கள் பெண்களின் கெண்டைக்கால் தெரிய வேண்டும், அவ்வளவுதான். எங்கள் மிராசுதாருக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் நடந்தபோது பாத்திரம் தேய்க்க அம்மாவைக் கூட்டிப் போனார்கள். நானும் கூடப் போனேன். அம்மாவுக்கு ஒரு புதுச் சேலை கொடுத்தார்கள். வெளியூர்தானே என்று அம்மா அதைக் கணுக்கால் வரை இறக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். சமையற்கட்டு வாசலில் ஒரு அம்மாள், "அடேயப்பா, கோயில் தரையக் கூட்ட ஆள் வேணாம்போல, இவளே கூட்டிக்கிட்டு வர்றா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே குனிந்து, பின்பக்கத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். நான் எட்டாவது படிக்கும்போது அம்மா இறந்துபோனாள். அப்பா அதற்கும் முன்பே. அதன் பிறகு எனக்கு எல்லாம் அஞ்சலை அக்காதான்.

அக்காவின் உடம்பு வாகு எனக்கு நேரெதிர். குட்டை, அகன்ற தோள், கழுத்து இருப்பதே தெரியாது. சிறு வயதிலிருந்து நெல்லுக்கட்டு சுமந்தவள். "எனக்கு வர வேண்டிய ஒசரத்தைக் கட்டு அமுக்கிருச்சு பாப்பா. அது எங்க போகும்? ஒனக்குப் போயிருச்சு" என்பாள். விடுமுறைக்கு நான் பஃப் கை ரவிக்கையோடு வந்து இறங்கியபோது என்னைச் சுற்றி வந்து பார்த்தாள். "டீச்சரம்மா, கையில என்ன, ரெண்டு பக்கமும் பூசணிக்காயா?" என்றாள். சிரித்தாலும் அன்று முழுக்க அவள் கண் என் சேலையின் கீழ் ஓரத்திலேயே இருந்தது.

அது ஊரே கொதித்துக் கிடந்த காலம். மேடைக்கு மேடை அடுக்குமொழியில் ஏழைகளின் ஆட்சி என்றார்கள். வயலில் சிவப்புக் கொடி நட்டு, கூலி உயர்த்தினால்தான் அரிவாள் எடுப்போம் என்று எங்கள் ஆட்கள் வரப்பில் உட்கார்ந்தார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். அடிதடி, போலீஸ், மறுபடியும் அடிதடி. இதற்கு நடுவில்தான் அந்தச் சட்டம் வந்தது. விவசாயக் கூலிகள் எந்த மண்ணில் குடிசை போட்டு இருக்கிறார்களோ அந்த மனை அவர்களுக்கே சொந்தம். எங்கள் குடிசை மிராசுதாரின் தென்னந்தோப்பு ஓரத்தில் இருந்தது. அக்காவுக்கு அந்தச் சட்டத்தைப் படித்துச் சொன்னது நான்தான். "அப்ப நம்மள வெளிய போன்னு சொல்ல முடியாதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். முடியாது என்றேன். வெளியே போய்க் குடிசையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தாள்.

மிராசுதார் தரப்பு ஆட்சேபணை கொடுத்தது. அந்த வீட்டில் யாரும் விவசாயக் கூலி இல்லை, இரக்கப்பட்டுக் குடியிருக்க விட்டோம், ஒருத்தி தஞ்சாவூரில் படிக்கிறாள், இன்னொருத்தி சும்மா இருக்கிறாள் என்று. தாலுகா ஆபீசில் விசாரணை வைத்தார்கள். அக்கா நடவு நட்டதற்கு எங்களிடம் என்ன அத்தாட்சி இருக்கும்? கூலியை நெல்லாக அளந்து மடியில் கொட்டுவார்கள், முடிந்தது. சாட்சிக்குத் தெருவில் யாரையும் கூப்பிட முடியவில்லை. அறுப்பு வரப்போகிற நேரம். சாட்சி சொன்ன வீட்டுக்கு அரிவாள் வேலை இருக்காது. ஆக, அக்காவின் வாய்ச்சொல் ஒன்றுதான் எங்களுக்கு ஆதாரம்.

விசாரணை அன்று காலையில் அக்கா தலைக்குக் குளித்துவிட்டு வந்து, "பாப்பா, எனக்கும் ஒன்னை மாரி கட்டிவிடு" என்றாள். "ஆபீசுக்குப் போறோம். கெண்டக்காலக் காட்டிக்கிட்டு நிக்க மாட்டேன்."

மாயவரத்துக்காரி சொல்லிக்கொடுத்த அத்தனையையும் அன்று நான் அக்காவின் உடம்பில் செய்து பார்த்தேன். கருநீலச் சேலை, மெல்லிய கரை. முழங்கை வரை வருகிற ரவிக்கை, அவளுக்கென்று முந்தின வாரமே நான் தைத்து வைத்தது. கொசுவத்தை விரல் அகலத்துக்கு நெருக்கி வைத்தேன். முந்தானையை மடித்துத் தோளில் நிறுத்தினேன். சேலை பாதத்தைத் தொட்டு நின்றது. நம்பமாட்டீர்கள், அக்கா நெட்டையாகிவிட்டாள். தோள் அடங்கி, கழுத்து வெளியே வந்துவிட்டது. எங்கள் வீட்டுக் கண்ணாடியில் ஒரு முகம் மட்டும்தான் தெரியும் என்பதால், பேருந்துக்குப் போகிற வழியில் மதகடியில் நின்று வாய்க்கால் தண்ணீரில் பார்த்தாள். "இது யாரு பாப்பா, கலெக்டரு பொண்டாட்டியா?" என்றாள். வரப்பில் நடக்கும்போது கொசுவத்தை இரண்டு விரலால் லேசாகத் தூக்கிப் பிடிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தானாக வந்தது.

விசாரணை அதிகாரி கெட்டவர் இல்லை. களைத்துப்போயிருந்தார். எங்களுக்குப் பின்னால் இன்னும் எத்தனையோ பேர் வெளியே காத்துக்கிடந்தார்கள்.

"என்னம்மா வேலை செய்யறே?"

"நடவு, களை, அறுப்பு எல்லாங்க."

மிராசுதாரின் காரியஸ்தர் நாற்காலியில் இருந்தபடியே சிரித்தார். "சார், நீங்களே பாருங்க. இது நடவாளா? நம்ம வீட்டுப் பொம்பளைங்களவிடப் பாங்காக் கட்டிக்கிட்டு வந்திருக்கு. நடவாள எனக்குத் தெரியாதா? வருசம் பூரா சேத்துல நிக்கிறவளுக்குக் காலே சொல்லும். காட்டச் சொல்லுங்க."

அதிகாரி பேனாவைத் திறந்து வைத்திருந்தார். அவருக்கு அது சுருக்கமான வழியாகத் தோன்றியிருக்க வேண்டும். "கொஞ்சம் தூக்கிக் காட்டும்மா. பாத்துட்டு எழுதிடறேன்."

அக்காவின் கை பழக்கத்தில் இடுப்புக்குக் கீழே போனது. கொசுவத்தைத் தொட்டது. அங்கேயே நின்றுவிட்டது. அந்த அறையில் ஒரு ஏழெட்டு ஆண்கள் இருந்தார்கள். எல்லோரும் அந்தக் கையைத்தான் பார்த்தார்கள்.

"அது வயல்ல தூக்குறதுங்க" என்றாள் அக்கா. "இங்க மாட்டேன்."

"பாத்தாதானே எழுத முடியும்?"

"வந்து வயலப் பாருங்க. நான் நட்டது நிக்குது."

"வயல்ல ஒம் பேரா எழுதியிருக்கு?" என்றார் காரியஸ்தர். சிலர் சிரித்தார்கள்.

நான் முன்னால் வந்து, "ஒரு பெண்ணிடம் இப்படிக் கேட்பது முறையில்லை சார். இவர் கையைப் பாருங்கள்" என்று சுத்தமான தமிழில் சொன்னேன். அதிகாரி என்னைப் பார்த்து, "நீ யாரு?" என்றார். தங்கை என்றேன், ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறேன் என்றேன். காரியஸ்தர் இரண்டு கையையும் விரித்து, "இதுக்கு மேல நான் என்ன சொல்றது சார்?" என்றார்.

மனு தள்ளுபடி ஆயிற்று. விவசாயத் தொழிலாளி என்று மெய்ப்பிக்கப்படவில்லையாம். தை மாதம் அறுப்பு முடிந்த கையோடு குடிசையைப் பிரித்துப் போட்டார்கள். மூங்கிலை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

நீ அப்படி அலங்காரம் பண்ணிக் கூட்டிப் போனதால்தான் மனை போனது என்று எங்கள் உறவில் இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அதை ஒத்துக்கொண்டதில்லை, ஒத்துக்கொள்ளவும் மாட்டேன். ஒரு மனுஷி தன் உடம்புக்கு எடுப்பாக ஒரு நாள் உடுத்திக்கொண்டாள். அவளை நம்புவதற்குக் கால் வேண்டும் என்று கேட்டவர்கள் வேறு யாரோ. அக்காவும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. "காட்டியிருந்தா மனை வந்திருக்கும்க்கா" என்று ஒரு தடவை நான் அழுதபோது, "வந்திருக்கும். அப்புறம் அதுல எப்படி உக்கார்றது?" என்றாள்.

அன்றிலிருந்து அவள் சேலையைத் தூக்கிச் செருகவில்லை. வயலிலும் செருகவில்லை. சேலை நனைய நனைய நட்டாள். "மகாராணி நாத்து நட வந்திருக்கா, பாய் விரிங்கடி" என்று நடவுக்கூட்டமே கேலி பேசியது. பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். முத்துப்பேட்டையில் இறால் உரிக்கிற கொட்டகைக்குப் போனாள். பனிக்கட்டித் தண்ணீரில் நின்று வேலை. அங்கேயும் கணுக்கால் வரை. எனக்கு வேலை கிடைத்து, "என்னோட வந்துரு" என்று கூப்பிட்டேன். "நீ மொதல்ல ஒரு வீடு கட்டு, வர்றேன்" என்றாள். காலில் புண் என்று சொல்லவேயில்லை. காய்ச்சல் என்று ஆள் வந்து சொல்லி நான் போனபோது அவளுக்குப் பேச்சு இல்லை. மறுநாள் விடியும் முன்பே உயிர் போய்விட்டது.

குளிப்பாட்டுவதற்காகச் சேலையை விலக்கினார்கள். பல வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் அக்காவின் கால்களைப் பார்த்தேன். விரல் இடுக்கு முழுதும் சேற்றுப்புண் தின்ற குழி. கெண்டைக்காலில் அரிவாள் பட்ட தழும்பு. அட்டை கடித்து ஆறிய கரும்புள்ளிகள். புதிதாக, பாதத்திலிருந்து மேலே ஏறியிருந்த புண். எந்த அதிகாரியும் ஒரு நொடியில் எழுதிவிட்டுப் போயிருப்பார்.

இப்போது எங்கள் ஊரில் எல்லாப் பெண்களும் தரை தொடத்தான் கட்டுகிறார்கள். யாரும் கேட்பதில்லை. கெண்டைக்கால் தெரிய நடந்த ஒரு காலம் இருந்தது என்று என் வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னால், "ஏன் டீச்சர், துணி பத்தலியா?" என்கிறார்கள். அக்காவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. அவள் முகம் எனக்கே மெல்ல மெல்ல மங்கிக்கொண்டு வருகிறது. போன மாதம் பேருந்தில் அந்தத் தோப்பைக் கடந்தேன். புதுத் தென்னங்கன்றுகள் வரிசையாக நட்டு, முள்வேலி போட்டிருக்கிறார்கள். எங்கள் வாசல் எந்தத் திசையைப் பார்த்து இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள அந்த வீட்டில் இருந்தவர்களில் என்னைத் தவிர யாரும் இல்லை.