பெலே வருகிற வீடு

தெருமுனையில் நிலம் பிளந்து நெருப்புக் குழம்பு வழிந்துகொண்டிருந்தது. கந்தக நெடியில் மூச்சு முட்டியது. ஹவாய்த் தீவின் அந்தக் குடியிருப்பே காலியாகிக்கொண்டிருக்க, லெய்மோமி மட்டும் கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காலமெல்லாம் ஓட்டல் அறைகளைத் துடைத்து ஓய்ந்தவள். சொந்த வீட்டை இப்படி ஒருநாளும் தேய்த்ததில்லை.

"எரியப்போற வீட்டுக்கு எதுக்குடி இந்தப் பளபளப்பு?" வண்டியில் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த கணவன் கெயோகி கத்தினான்.

"பெலே வர்றா. எரிமலைக்கே தெய்வம் அவ. குப்பையைக் காட்டியா வரவேற்கிறது?"

"டிவிக்கு இடமில்ல, இருக்கிற நாற்காலியெல்லாம் ஏத்தி வச்சிருக்க!"

"வாய மூடிட்டுக் கயித்த இழுத்துக் கட்டு."

அவள் வண்டியில் ஏறியதும் கெயோகி கதவைப் பூட்டிச் சாவியை அவளிடம் எறிந்துவிட்டு வண்டியைக் கிளப்பினான். பின்னால் ஒரு மரம் தீப்பற்றி வெடித்தது. திருப்பம் தாண்டியதும்தான் அவளுக்குக் கையிலிருந்த சாவி உறைத்தது.

"பூட்டிட்டியா? விருந்தாளி வர்ற வீட்டையா? வண்டியத் திருப்பு!"

"பைத்தியமா உனக்கு? ரோட்டையே மூடிரும்!" என்றாலும் திருப்பினான். பெலேயிடம் அவனுக்கும் பயம்தான்.

அனல் முகத்தைச் சுட, அவள் ஓடிப்போய்க் கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு வந்து ஏறினாள்.

"இப்ப திருப்தியா?"

"மரியாதைக்குக் கதவு திறந்திருக்கு," என்றாள் லெய்மோமி. "உக்கார ஒரு நாற்காலிகூட வைக்கல. வாசல்ல நின்னு பார்த்துட்டு அப்படியே கிளம்பிரட்டும்."