அஞ்சு நாள் கையெழுத்து

கருத்தரங்கில் என் கட்டுரையை வாசித்து முடித்ததும் மூன்றாவது வரிசையில் ஒருவர் கையை உயர்த்தினார். ஓய்வு பெற்ற காவல்துறை அதிகாரி என்று காலையில் அறிமுகம் செய்திருந்தார்கள். மருமகளிடம் பேசுகிற மாதிரி மென்மையாகத்தான் கேட்டார்.

"இது எந்த ஸ்டேஷன்மா?"

வட சென்னை என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் சொல்லக் கூடாது, ஆய்வு விதி அப்படி என்றும் விளக்கினேன். அவர் தலையசைத்துவிட்டுக் கட்டுரைப் பிரதியை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

தண்டையார்பேட்டைக்குத் திரும்பும் பஸ்ஸில் கட்டுரையை எடுத்து மறுபடி படித்தேன். பெயரை மாற்றியிருந்தேன். தெருவை, வயதை, பிள்ளைகளின் எண்ணிக்கையைக்கூட மாற்றியிருந்தேன். கையை மாற்றவில்லை.

என் முனைவர் பட்ட ஆய்வு கண்டிசன் கையெழுத்தைப் பற்றியது. ஜாமீன் கொடுக்கும்போது, தினமும் காலை பத்தரை மணிக்குக் காவல் நிலையத்துக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று நீதிமன்றம் நிபந்தனை வைக்கும். அப்படிக் கையெழுத்துப் போடுகிற ஆண்களின் வீட்டுப் பெண்களிடம் பேசிப் பதிவு செய்வது என் வேலை. பத்தரை மணி ஒரு வீட்டுக்குள் புகுந்துகொண்டால் அந்த வீட்டில் என்னென்ன நடக்கும் என்பதுதான் கேள்வி.

காசிமேட்டில் மீன் விற்கிற அக்கா ஒருத்தி. அவள் கணவர் விசைப்படகில் போகிறவர். போனால் ஐந்து நாள் கடலிலேயே இருக்க வேண்டும். ஏலத்தில் நடந்த ஒரு கைகலப்பில் அவர்மேல் அடிதடி வழக்கு. ஜாமீனில் வந்தவரால் தினமும் பத்தரைக்குக் கரையில் நிற்கவும் முடியவில்லை, படகை விடவும் முடியவில்லை. ஒருமுறை கடலுக்குப் போய்விட்டார். திரும்பி வந்ததும் ஸ்டேஷனில் யாரையோ கெஞ்சி, ஐந்து நாளுக்கும் சேர்த்து ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டுவிட்டார். இதையெல்லாம் அக்கா என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். சொல்லும்போது என் பத்து மாதக் குழந்தை அவள் மடியில் இருந்தது. மாமியாருக்கு முட்டிவலி என்பதால் அன்று தூக்கிக்கொண்டு போயிருந்தேன். அதுவரை இரண்டு முறை போயும் அக்கா என்னிடம் சரியாகப் பேசியதில்லை. குழந்தையைக் காட்டித்தான் பேச வைத்தேனோ என்று அன்றைக்கே ஒரு உறுத்தல் இருந்தது. ஆனாலும் ரெக்கார்டரை நிறுத்தவில்லை.

வலை இழுக்கும் விஞ்சில் மாட்டி வலது கையில் இரண்டு விரல் போனவர் அவள் கணவர். இடது கையால், பள்ளிப் பிள்ளையைப் போல் எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போடுவார். அதை அப்படியே கட்டுரையில் எழுதினேன். வழிகாட்டிப் பேராசிரியர் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டிருந்தார். என் ஆய்வேட்டிலேயே அவர் டிக் போட்ட வரிகள் ரொம்பக் குறைவு.

அந்தப் பக்கம் எந்த ஸ்டேஷனில் அந்தத் தாளைக் காட்டினாலும், இடது கைக்காரர் யார் என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். நிபந்தனையை மீறியதாகத் தெரிந்தால் ஜாமீன் ரத்தாகும். திரும்பவும் புழல் சிறை.

பேராசிரியருக்குப் போன் செய்தேன். அந்த அதிகாரி பெரிய மனிதர், இதையெல்லாம் கிளற மாட்டார், தகவல் தந்தவரிடம் போய்ச் சொன்னால் நீதான் வீணாகப் பயத்தைக் கிளப்புவாய் என்றார். சரி என்று வைத்தேன். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது நான்கு முறை மனம் மாறினேன். மாமியார் என்னைப் பார்த்து, ஊட்டுகிறாயா, விளையாடுகிறாயா என்று கேட்டார்.

மறுநாள் விடிந்ததும் காசிமேட்டுக்குப் போனேன். இந்த முறை குழந்தையை எடுத்துப் போகவில்லை.

அக்கா சங்கரா மீனைச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். "இன்னா பாப்பாம்மா, பாப்பாவ எங்க வுட்டுட்டு வந்த?" என்றாள். பக்கத்துக் கூடைக்காரப் பெண், எழுதுற பொண்ணு வந்துடுச்சு, இன்னிக்கு யார் புருசனைப் பத்திக் கேக்கப் போவுதோ என்று கிண்டல் செய்தாள். அக்காவை ஐஸ் வண்டிகள் நிற்கும் பக்கம் தனியாக அழைத்துப் போய், நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவள் கையில் கத்தி அப்படியே இருந்தது.

அதில் ஒட்டியிருந்த செதிலை வழித்துவிட்டுக் கேட்டாள்.

"கைய பத்தி இன்னாத்துக்கு எழுதுன?"

ஆய்வுக்குத் தேவைப்பட்டது என்று சொல்லியிருக்கலாம். அது பொய். ஐந்து நாள் கதைக்கு விரல்கள் தேவையே இல்லை.

"படிக்க நல்லா இருந்துச்சுக்கா."

"நல்லா கீதா?" அவள் குரல் உயரவில்லை. "அந்த ஆளு சட்ட பட்டன் போட ரெண்டு மாசம் பழகுனாரு. உனுக்கு அது படிக்க நல்லா கீது."

உடனே கணவருக்குப் போன் போட்டாள். அன்று மதியம் அவர் மறுபடியும் படகேற இருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஏறாதே, பத்தரைக்கு ஸ்டேஷனில் நில், காரணம் கேட்காதே என்று சொல்லி வைத்தாள். ஐந்து நாள் பிழைப்பு என் கண்ணெதிரில் போயிற்று.

எதையாவது சரிசெய்ய வேண்டும் என்ற பதைப்பில் அதன்பிறகுதான் சொன்னேன். நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி நீதிமன்றத்தில் மனு போடலாம், தொழிலைக் காரணம் காட்டினால் வாரத்துக்கு ஒரு கையெழுத்து என்று மாற்ற வாய்ப்பு உண்டு, இலவச சட்ட உதவியில் வக்கீல் வைத்துத் தருவார்கள், ஜாமீன் எடுத்துத் தந்த அவர்களுடைய பழைய வக்கீல் போனை எடுக்காவிட்டாலும் பரவாயில்லை என்று கடகடவென்று சொன்னேன்.

அக்கா என்னையே பார்த்தாள்.

"இது உனுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

முதல் நாளிலிருந்தே தெரியும். என் இரண்டாவது அத்தியாயமே அதுதான். ஆய்வாளர் கள நிலவரத்தில் தலையிடக் கூடாது என்று படித்திருந்தேன். அவள் சிரித்துக்கொண்டே ஐந்து நாள் கதையைச் சொன்னபோதும் அந்த விதியைப் பிடித்துக்கொண்டு, தலையாட்டிக் குறிப்பெடுத்தேன்.

"தெரியும்கா," என்றேன்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கத்தியைத் தண்ணீரில் அலசினாள். மறுநாள் பத்தரைக் கையெழுத்து முடிந்ததும் கோர்ட்டுக்கு வரச் சொன்னாள். வழி தெரிந்த ஆள் வேண்டும் என்பதற்காக, என்றாள்.

போனேன். மனுவில் எழுத வேண்டியதை சட்ட உதவியில் வந்த இளம் வக்கீலுக்கு நான்தான் எடுத்துச் சொன்னேன். பெஞ்சின் ஒரு ஓரத்தில் அக்கா, மறு ஓரத்தில் அவள் கணவர், நடுவில் நான். அவர் என் பக்கம் திரும்பாமல் வக்கீலிடமே பேசினார். விசாரணை வருகிற வரைக்கும் தினமும் பத்தரை மணியானால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்த்தான் எடுப்பேன். அந்த அதிகாரி யாரிடமாவது பேசினாரா, தாளைத் துவைக்கப் போட்ட சட்டையோடு விட்டுவிட்டாரா என்று இன்றுவரை தெரியாது.

கட்டுரையிலும் ஆய்வேட்டிலும் அந்தப் பகுதி முழுவதையும் நீக்கினேன். அத்தியாயம் உயிரில்லாமல் இருக்கிறது, அந்தப் பெண்ணிடம் புதிதாக ஒப்புதல் வாங்கித் திரும்பச் சேர்க்க முடியாதா என்று பேராசிரியர் கேட்டார். கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு நான் கேட்கவே இல்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் அக்கா கூப்பிட்டாள். "திங்கக்கெழம மட்டும் போட்டா போதுமாம். நேத்து கெளம்பிட்டாரு." அக்கா என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவளே சொன்னாள்: "இத எங்கியும் எழுதிக்கினு திரியாத."

திரிய மாட்டேன் என்று சொன்னேன். இப்போது இதை எழுதுகிறேன். கை உட்பட இதில் வரும் அடையாளங்களை எல்லாம் மாற்றிவிட்டேன். ஆனாலும் மூன்று முறை படித்துப் பார்த்தாகிவிட்டது, இன்னும் பத்திரிகைக்கு அனுப்பவில்லை.