பூ அவருக்கில்லை

கமோஷிதா நோபுயுகி பதினாறு வருஷத்தில் ஆறு ஊர் அணிகளுக்குப் பேஸ்பால் ஆடியவர். அந்த ஆறு ஊருக்கும் ரயிலில் போகும்போது அவர் மனைவி சயோகோ ரைஸ் குக்கரை மடியிலேயே வைத்துக்கொண்டு போயிருக்கிறார். லாரியில் போட்டால் மூடி நெளிந்துவிடுமாம். மொரியோகா, நாகானோ, கனாசாவா, குமமோத்தோ, மத்சுயாமா, கடைசியாக எங்கள் ஒகயாமா. ஒவ்வொரு ஊரிலும் கமோஷிதா முதலில் விசாரிப்பது பொதுக் குளியல் வீடு எங்கே இருக்கிறது என்று. சயோகோ விசாரிப்பது எந்தப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் ஆள் எடுக்கிறார்கள் என்று. அப்படித்தான் எங்கள் சமையலறைக்கு வந்து சேர்ந்தார். அறுநூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு. ஆள் உயரக் கரண்டியால் குழம்பைக் கிளறிக்கொண்டே அவர் சொன்ன கதைகளைத்தான் நான் எழுதுகிறேன்.

கமோஷிதா இடது கைப் பிட்சர், அதாவது பந்து எறிகிறவர். ஆட்டத்தை ஆரம்பிக்கும் பிட்சரும் இல்லை, முடித்து வைக்கும் பிட்சரும் இல்லை. எட்டாவது சுற்றில், எதிரணியில் ஒரு முரட்டு இடது கை பேட்டர் வரும்போது கூப்பிடுவார்கள். ஒரே ஒரு ஆளுக்குப் பந்து போடுவார், இறங்கிப் போவார். சில நாள் நான்கு பந்து. ஒருநாள் ஒரே பந்து. அதற்காக மூன்று மணி நேரம் மைதான ஓரத்தில் சூடேற்றிக்கொண்டு, சுவரில் மாட்டிய தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். பாதி நாள் அது அடிக்காது.

"நான் ஒரு மைக்ரோவேவ் சோறும்மா. சூடு பண்ணி சூடு பண்ணி வெக்கிறாங்க. யாரும் சாப்பிட மாட்டேங்கறாங்க," என்று சயோகோவிடம் சொல்வாராம்.

"காலைல வீட்லயும் அப்படித்தான். ஆறு தடவை எழுப்பினாதான் எந்திரிக்கிறீங்க," என்பாராம் இவர்.

எங்கள் ஊரில் அக்டோபர் முதல் வாரம் ஆட்டக்காரர்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். அணி அலுவலகத்திலிருந்து போன் வந்து, 'நாளைக்குக் கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு ஆபீசுக்கு வாங்க' என்றால் அவ்வளவுதான், வேறு ஊர் பார்க்க வேண்டும். அந்த ஏழு நாளுக்குள் போன் வராவிட்டால் அடுத்த வருஷமும் வேலை உண்டு. கமோஷிதா அதை ஐந்து முறை கேட்டவர். ஐந்து முறையும் வேறு ஏதோ ஒரு ஊர் கூப்பிட்டது. ஆனால் போன வருஷம் அவருக்கு முப்பத்தேழு வயசு. முழங்கையில் இரண்டு அறுவை சிகிச்சைத் தழும்பு. இன்னொரு முறை அந்த போன் வந்தால் ஆறாவது ரயில்தான் கடைசி ரயில் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

செப்டம்பர் கடைசி ஞாயிறு, சொந்த மைதானத்தில் அந்த வருஷத்தின் கடைசி ஆட்டம். பகல் ஆட்டம். எதிரணி மத்சுயாமா. முந்தின நாள் பிட்சிங் கோச் கமோஷிதாவைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தை உடைத்துவிட்டார்.

"நாளைக்கு எட்டாவது சுத்துல தொமினாகாவுக்கு நீதான் போடற. ஓசோனோ சார் ஸ்டாண்டுல உக்காந்து பாப்பாரு. உன்னை வெச்சுக்கலாமா வேணாமான்னு அவரு இன்னும் முடிவு பண்ணலை. அவனைத் தூக்கிட்டேன்னா நான் பேசறேன். அடி வாங்கினேன்னா என்கிட்ட வந்து மூஞ்சியத் தொங்கப் போடாதே."

ஓசோனோ எங்கள் அணி நிர்வாகி. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்பதெல்லாம் அவர் கையில். தொமினாகா மத்சுயாமாவின் பெரிய பேட்டர், அந்த வருஷம் முப்பத்தொரு ஹோம் ரன், பந்தை வேலிக்கு வெளியே அனுப்புகிற அடி. பத்து வருஷத்துக்கு முன்னால் கமோஷிதா மத்சுயாமாவில் இருந்தபோது தொமினாகா பதினெட்டு வயசுப் புது ஆள். விடுதிச் சாப்பாடு பிடிக்காமல் வாரத்துக்கு மூன்று நாள் இவர்கள் வீட்டில் வந்து சாப்பிடுவான். அந்த ரைஸ் குக்கர் முழுவதையும் ஒரே ஆளாகக் காலி பண்ணியவன். இன்றும் அண்ணே, அண்ணி என்றுதான் கூப்பிடுவான்.

சயோகோ மைதானத்துக்கே வருவதில்லை. பயம். அன்றைக்கு நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன். எங்கள் சமையலறைத் தலைவி ஹமகுச்சி அம்மாவுக்கு அன்று மாலை ஐந்து மணிக்கு வழியனுப்பு விருந்து. நாற்பது வருஷ வேலை முடிந்து ஓய்வு பெறுகிறார். ஆட்டம் முடிந்து நேராக அங்கே போய்விடலாம் என்று விருந்துக்கு வாங்கிய பூங்கொத்தையும் கையோடு எடுத்து வந்துவிட்டோம். வெள்ளை லில்லி, ஊதா ஜெந்தியன், ஒரு கைக்கு அடங்காத பெரிய கொத்து. என் கையில் உணவுப் பொட்டலங்கள் இருந்ததால் பூ சயோகோ கைக்குப் போனது. விருந்துக்காக நல்ல உடையும் உடுத்தியிருந்தார்.

வாசலில் மத்சுயாமா அணியின் பஸ் நின்றது. தொமினாகா இறங்கினான். சயோகோவைப் பார்த்தான். பூவைப் பார்த்தான். அப்படியே நின்றுவிட்டான்.

"அண்ணி..." என்றான். தொப்பியைக் கழற்றி இடுப்பு வரை குனிந்தான். நிமிரவே இல்லை.

"பாரேன் கஹோ, எவ்வளவு மரியாதை! பெரிய ஆளாயிட்டான், ஆனா மாறவே இல்லை," என்று சயோகோ என்னிடம் பூரித்துப் போனார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. மக்கு, எனக்கும் உறைக்கவில்லை!

ஓய்வு பெறும் பிட்சரின் கடைசி ஆட்டத்தில் எதிரணி பேட்டர் மூன்று பந்தையும் வேண்டுமென்றே தவறவிட்டு அவுட் ஆகிக் கொடுப்பது எங்கள் வழக்கம். மரியாதை. யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், எல்லோருக்கும் தெரியும். ஆட்டம் முடிந்ததும் வீட்டார் வந்து பூங்கொத்து கொடுப்பார்கள். கடைசி ஆட்டம், முப்பத்தேழு வயசு, என்றைக்கும் வராத மனைவி, கையில் பூ. தொமினாகா தன் அணியில் போய்ச் சொல்லியிருக்கிறான். அங்கிருந்து அது நடுவர் காது வரைக்கும் போயிருக்கிறது.

எட்டாவது சுற்று. தொலைபேசி அடித்தது. கமோஷிதா ஓடி வந்து பந்து போடும் மேட்டில் ஏறினார். பந்து பிடிக்கிற கேட்சர் இஷிகுரே பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்தான். முதல் பந்து, அவருடைய ஆகச் சிறந்த பந்து, முழங்கால் உயரத்தில் வந்து உள்ளே விழுகிற பந்து. தொமினாகாவின் மட்டை அதற்கு ஒரு அடி மேலே காற்றில் போனது. ஸ்ட்ரைக்!

நாங்கள் குதித்தோம். கமோஷிதா குதிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கினார். இவன் இப்படி ஆடுகிறவன் இல்லையே. இரண்டாவது பந்தைச் சோதனைக்காக நடுவில் மெதுவாகப் போட்டார். பள்ளிப் பிள்ளைகூட அடிக்கும். காற்று. ஸ்ட்ரைக். கமோஷிதாவின் முகம் மாறியது. மூன்றாவது பந்தை இஷிகுரே எம்பிப் பிடிக்கிற மாதிரி வெளியே எங்கேயோ எறிந்தார்.

தொமினாகா அதற்கும் மட்டையை வீசினான்!

வீசிவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றி, கண்ணீரோடு, பிட்சரைப் பார்த்து ஆழமாகக் குனிந்தான். மத்சுயாமா அணி மொத்தமும் வரிசையாக எழுந்து நின்று கைதட்டியது. பிறகு மைதானமே புரிந்துகொண்டது. பன்னிரண்டாயிரம் பேர் எழுந்தார்கள். "பதினாறு வருஷம்! நன்றி கமோ சான்!" ஒரு நொடி நானும் கத்திவிட்டேன், மறைக்க மாட்டேன். கோச் திட்டப்படி தலைமைப் பயிற்சியாளர் வந்து பந்தை வாங்கிக்கொள்ள, கமோஷிதா தலையைக் குனிந்தபடி இறங்கி நடந்தார். அழுகிறார் என்று எல்லோரும் அழுதார்கள். பேட்டர் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்த ஓசோனோகூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் நோட்டுப் புத்தகத்தில் ஒரு எழுத்தும் இல்லை. எதை எழுதுவார்?

பக்கத்து இருக்கை அம்மாள் சயோகோவிடம் கைக்குட்டையை நீட்டினார். "மனசைத் தேத்திக்கோம்மா. இனிமேயாவது அவரு வீட்ல இருப்பாரு. பூவைக் கொண்டுபோய்க் குடுங்க, போங்க."

"இல்லைங்க, இது ஹமகுச்சி அம்மாவுக்கு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். பூவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "கஹோ. இதைப் பாத்துத்தான் குனிஞ்சானா அவன்?"

ஆட்டம் முடிந்தது. ஒருவரும் வெளியே போகவில்லை. வழியனுப்பு விழா நடக்கும் என்று காத்திருந்தார்கள். ஒலிபெருக்கிப் பெண், "தயவுசெய்து... அதாவது... சற்று..." என்று திணறினாள். சமையலறையில் உப்பு வேண்டும் என்பதைக்கூட மெதுவாகக் கேட்கிற சயோகோ, படிகளில் தடதடவென்று இறங்கி வேலியைப் பிடித்துக்கொண்டு, பூங்கொத்தை ஆட்டி ஆட்டிக் கத்தினார்.

"ஏங்க! பூ உங்களுக்கில்லைங்க! தொமினாகா! பூ அவருக்கில்லைடா!"

கமோஷிதா நிமிர்ந்து பார்த்தார். நேராக எதிரணி இருக்கைகளுக்கு நடந்தார்.

"டேய், யாருடா சொன்னது நான் ரிட்டையர் ஆவறேன்னு?"

"அண்ணி கையில பூ இருந்துச்சுண்ணே..."

"அது ஸ்கூல் சமையக்கார அம்மாவுக்குடா! உன்னை அவுட் பண்ணினாத்தான் எனக்கு அடுத்த வருஷம் சோறு. நீ என்னடான்னா எனக்குக் கருமாதி பண்ணிட்டுப் போற!"

தொமினாகா செம்மண்ணில் தடாலென்று மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்தான். "மன்னிச்சிடுங்கண்ணே. என்ன வேணா சொல்லுங்க, செய்யறேன்."

"எந்திரி. மட்டைய எடு. நெஜமா ஆடு. ஒரே ஒரு தடவை."

நடுவர் கழற்றிய முகமூடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "அந்த மூணாவது பந்துக்கு நானும் கண்ணைக் கசக்கிக்கிட்டுத்தான் நின்னேன். வாங்க," என்றார். தண்ணீர் அடிக்க வந்த மைதான ஊழியர்கள் குழாயை மூடினார்கள். இஷிகுரே உட்கார்ந்தான். யாரும் சொல்லாமலே எங்கள் ஆட்கள் அவரவர் இடத்துக்கு ஓடினார்கள். கிளம்பி நின்ற ஓசோனோ திரும்ப உட்கார்ந்து நோட்டைத் திறந்தார்.

சயோகோ என் கையைப் பிடித்தார். கரண்டி பிடித்துக் காய்த்த கை. வலித்தது. நானும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

முதல் பந்து. டக்! வலது பக்க எல்லைக் கம்பத்துக்கு இரண்டு முழம் வெளியே, கூரையைத் தாண்டிப் போனது. கொஞ்சம் உள்ளே போயிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். கூட்டம் மூச்சை இழுத்தது. இவன் நிஜமாகவே ஆடுகிறான். இரண்டாவது பந்து வெளியே போனது. தொமினாகா சீந்தவே இல்லை. மூன்றாவதைப் பின்னால் வலையில் அடித்தான். தப்பான அடி இரண்டு, அதாவது இரண்டு ஸ்ட்ரைக். இன்னொன்று போதும்.

கமோஷிதா முழங்கையை ஒருமுறை தேய்த்துக்கொண்டார். வேகப்பந்து போடுகிற அதே வீச்சு, அதே முகம், அதே உறுமல். ஆனால் பந்து வந்தது மெதுவாக, மிக மெதுவாக, வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் கீழே விழுந்தது.

பொய்யாகத் தவறவிடுகிற வீச்சுக்கும் உண்மையாகத் தவறவிடுகிற வீச்சுக்கும் வித்தியாசம் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தொமினாகாவின் முழு உடம்பும் முறுக்கிக்கொண்டு சுற்றியது. ஒரு முழங்கால் மண்ணில் இறங்கியது. ஹெல்மெட் உருண்டு ஓடியது. இங்கே எழுத முடியாத ஒரு கெட்ட வார்த்தையைக் கத்தினான். மட்டையை நிலத்தில் ஓங்கிக் குத்தினான். குனியவில்லை, வணங்கவில்லை, பிட்சரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கமோஷிதா மேட்டில் நின்று சிரித்தார். அந்தக் கெட்ட வார்த்தையைவிட நல்ல பாராட்டு பதினாறு வருஷத்தில் அவருக்குக் கிடைத்திருக்காது. சயோகோ பூங்கொத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். ஓசோனோ ஏதோ ஒரு வரி எழுதி, நோட்டை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். என்ன எழுதினார் என்று யாருக்கும் தெரியாது.

விருந்துக்கு நாற்பது நிமிஷம் தாமதமாகப் போனோம். ஹமகுச்சி அம்மா பூங்கொத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னடி இது, பாதிப் பூவைக் காணோம்? யாரையாவது இதால அடிச்சீங்களா?"

அக்டோபர் முதல் வாரம் சமையலறையில் சயோகோ பேசவே இல்லை. அவருடைய கோட்டு சூட்டைத் தேய்த்துக் கதவில் மாட்டி வைத்திருப்பதாக மட்டும் சொன்னார். திங்கள், செவ்வாய் என்று ஒவ்வொரு நாளும் மற்றவர்கள் யார் யாருக்கு போன் வந்தது என்று செய்தித்தாளில் வந்தது. எங்கள் அணியில் நான்கு பேர். வெள்ளி வரை கமோஷிதா பெயர் இல்லை. சனி, ஞாயிறும் போய்விட்டது. எட்டாம் நாள் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போன் அடித்ததாம். இரண்டு பேரும் சாப்பாட்டுக் குச்சியை வைத்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்களாம். கமோஷிதா எடுத்தார். தொமினாகா.

"அண்ணே, அந்தக் கடைசிப் பந்து என்னண்ணே அது? ஒரு வாரமா எனக்குத் தூக்கமே இல்லை."

கமோஷிதா நாட்காட்டியைப் பார்த்தார். கெடு நேற்றோடு முடிந்திருந்தது.

"ஏப்ரல்ல திரும்பப் போடறேன். அதுவரைக்கும் தூங்காதே," என்று வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டுக் கிண்ணத்தை சயோகோவிடம் நீட்டினாராம்.