கிளாரினெட்காரர் சொன்ன பலே

அறுவடைக் கூலித் தகராறில் மிராசுதார்களும் விவசாயத் தொழிலாளர்களும் முகம் கொடுத்துப் பேசாத வருஷம் அது. குடவாசல் பள்ளிக்கூடக் கொட்டகையில் இரு தரப்பும் ஆளுக்கொரு பக்கமாக இறுகி உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் கோயில் மேளத்துக் கிளாரினெட்காரர், வெற்றிலைச் சிவப்பு உதடும் நரைத்த குடுமியுமாக, நான்கு வெளிநாட்டு வயலின்காரர்களோடு அவர்களுடைய நவீன இசையை வாசித்தார்.

நடுவில் ஒரு வயலின்காரப் பெண் ஒரு சுரத்தை நூலாக இழைத்து நிறுத்தினாள். அங்கே முழு மௌனம் வேண்டும். இவரோ கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்து, "பலே!" என்றார். அவள் திகைத்து, அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். கொட்டகையே சிரித்தது.

கச்சேரி முடிந்ததும், "அங்க பேசக்கூடாதுன்னு சொல்லலீங்களா?" என்று அவரிடம் கேட்டேன்.

"சொன்னாங்க தம்பி. அந்தப் பொண்ணு அப்படி வாசிச்சா நான் என்ன பண்றது?"

கொட்டகையில் முதலில் சிரித்தது தாங்கள்தான் என்று இரு தரப்பும் இன்றும் உரிமை கொண்டாடுகிறார்கள்.