நான்காம் நினைவு

மஞ்சள் துணியை ஒரு உதறு உதறித் திரைமேல் போட்டுவிட்டுத்தான் அழிக்கும் பொத்தானைத் தொடுவார் ரப்பர் அக்கா. அழிப்பதே வேலை என்பதால் நாங்கள் வைத்த பெயர். எந்தப் பொத்தான் எங்கே என்று அவர் விரலுக்கே தெரியும். உள்ளே அலைகள் மறைய மறைய, துணியோரத்தில் பச்சை வெளிச்சம் கசியும். அக்கா ஜன்னலுக்கு வெளியே மேகம் பார்த்துக்கொண்டிருப்பார்.

நாங்கள் ஸ்கோப் என்று கூப்பிடும் இந்தக் கருவி, மின்சாரத்தின் துடிப்பை அலையாக வரைந்து காட்டும், சேமித்தும் வைத்துக்கொள்ளும். பழுதுக்கோ விற்பனைக்கோ வாசலைத் தாண்டினால், இன்னும் கடைக்கு வராத எங்கள் கம்பெனிச் சாமான்களின் ரகசியமும் கூடவே போய்விடும். அதனால் அக்கா துடைத்துக் கையெழுத்துப் போடாமல், வெளியே அனுப்பும் சீட்டை நான் எழுத முடியாது.

புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆரம்ப நிலைக்குத் திருப்பும் பொத்தானை அழுத்திவிட்டு, எல்லாம் போய்விட்டது என்று மார்தட்டுவார்கள். “குப்பையைப் பாய்க்கு அடியில தள்ளிட்டு, வீடு பெருக்கிட்டேங்கிறியே!” என்பார் அக்கா. அவர் அழித்த பிறகு அணைத்து, மறுபடி போட்டு, துணியை விலக்கிப் பட்டியல் காலியா என்று பார்ப்பார். அதற்கு முன் எதையும் பார்க்க மாட்டார். “பார்க்காதத உளற முடியாதில்ல?”

என்ன வேலை என்று அக்கம்பக்கத்தில் கேட்டால், “துடைக்கிற வேலை” என்பார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கும் வருகிறீர்களா என்று ஒரு அம்மா கேட்டேவிட்டாராம்! அன்றன்றைய கருவிகள் முடியும்வரை அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததே இல்லை.

இன்று பதினேழாம் எண் ஸ்கோப் மேசைக்கு வந்தது. அக்காவின் வீட்டுக்காரர் பதினோரு வருஷம் வேலை பார்த்த கருவி. ஒரு மத்தியானம் அவர் அதில் மைக்கை மாட்டி, “சாப்பிட்டியா?” என்று கேட்டு, அந்த அலையை நான்காம் நினைவு என்ற சேமிப்பிடத்தில் போட்டு அக்காவிடம் காட்டினார். மூன்று மேடு, நடுவில் இரண்டு பள்ளம். கடைசி மேடு மட்டும் கொஞ்சம் நீளம்.

பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாக அவரிடமிருந்து ஒரு சொல்கூட வரவில்லை. ஸ்கோப்பில் அந்தக் குரலைக் கேட்கவும் முடியாது, உருவம்தான். ஆனாலும் சில மத்தியானங்களில் அக்கா அதன் முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்தக் கருவியை விற்றாகிவிட்டது. வண்டி வாசலில் நிற்கிறது. எனக்கு மனசு கேட்கவில்லை.

“அக்கா, அந்த நாலாவத மட்டும் விட்டுடுங்க. அதுல என்ன ரகசியம்? நான் சீட்டு எழுதிடறேன்.”

“எது ரகசியம், எது இல்லன்னு தரம்பிரிக்க ஆரம்பிச்சா, அப்புறம் எல்லாத்தையும் படிக்கணும். வேணாம்ப்பா.”

படம் எடுக்கவும் வழியில்லை, செல்போன்கள் எல்லாம் வாசலிலேயே வாங்கி வைக்கப்பட்டுவிடும். “ஒரு காகிதத்துலயாவது வரைஞ்சுக்கங்களேன்.”

“இங்கேர்ந்து எதுவும் வெளிய போகலன்னு கையெழுத்துப் போடறதே நான்தானே?” என்று சிரித்தார்.

மஞ்சள் துணியை எடுத்து உதறினார். திரைமேல் போடவில்லை, தன் தோளில் போட்டுக்கொண்டார். நான்காம் நினைவை வரவழைத்தார். மூன்று மேடுகளும் பச்சையாய் எழுந்து நின்றன. மேசை ஓரத்தில் சாப்பாட்டு டப்பா மூடியே இருந்தது.

திரைக்குப் பக்கத்தில் குனிந்து, “ம்... சாப்பிட்டேங்க” என்றார். பிறகு பொத்தானை அழுத்தினார்.