ஏழாம் மாதத்துத் தாடி

போன வருடம் மழைக்காலத்தில் நடந்தது இது. செனாய் என்ற மலேசியச் சிற்றூரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். பக்கத்துத் தொழிற்பேட்டையில் எனக்கு டெக்னீஷியன் வேலை. மனைவிக்கு ஏழாம் மாதம்.

மனைவி கர்ப்பமாக இருந்தால் கணவன் முடி வெட்டக்கூடாது, சவரம் செய்யக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். குடும்பத்தில் பள்ளியின் படிவம் ஐந்தைத் தாண்டிப் படித்த முதல் ஆள் நான்தான். இதையெல்லாம் கடந்துவிட்டதாக நினைத்திருந்தேன். முதல் கர்ப்பத்தின்போது, இந்த வேலைக்கான நேர்முகத்துக்கு நன்றாகச் சவரம் செய்துகொண்டுதான் போனேன். வேலை கிடைத்தது. அதே மாதம் கரு கலைந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. அம்மா மட்டும் ஆஸ்பத்திரியில் என் மோவாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது முறை நான் கத்தியைத் தொடவே இல்லை.

தொழிற்சாலையில் தாடிக்கு வலை, அதன்மேல் முகக்கவசம். உள்ளே எப்போதும் ஈரம். வாசல் காவலாளியின் கூண்டருகே ஒரு பூனைக்குட்டி இருந்தது. காதோரம் முடி உதிர்ந்த குட்டி. தினமும் தூக்கிக் கொஞ்சுவேன். கொஞ்ச நாளில் தாடை அரித்தது. கடையில் வாங்கிய களிம்பு முதலில் அடக்கியது, பிறகு இன்னும் மோசமாக்கியது. கட்டி கட்டியாக வீங்கிச் சீழ் வைத்தது. இழுத்தால் வலியே இல்லாமல் முடி கையோடு வந்தது. நாற்றம் வேறு. வேலையிடத்தில் “சாமியாரே, தீமிதி எப்ப?” என்று கேலி செய்வார்கள். கவசத்துக்குள்ளேயே சிரித்துவைப்பேன். வீட்டில் இருமல் என்று பொய் சொல்லி, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஹாலில் தனியாகப் படுத்தேன்.

ஒரு நாள் காய்ச்சலோடு வந்து விழுந்தேன். மனைவி என் முகத்துத் துண்டை விலக்கிப் பார்த்தாள். அப்படியே கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். அங்கிருந்த மலாய் டாக்டர், இது பூஞ்சைத் தொற்று, பூனையிடமிருந்து வந்திருக்கலாம் என்றார். வாரக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும், தாடியை ஒட்ட வெட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். விட்டுவைத்தால் அந்த இடத்தில் முடி முளைக்காமலே போகலாம். ஆறாமல் இருக்கும்போது குழந்தை பிறந்தால் அதன் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோகக் கூடாது. பிறந்த பிறகு வெட்டிக்கொள்கிறேன் என்றேன். அவர் என் மனைவியைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் பொந்தியானில் இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்தேன். “இன்னும் ரெண்டு மாசந்தானே ஐயா, பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துரு லா” என்றார். சரி என்று வைத்தேன். மனைவி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

“அப்ப மொத புள்ள, நீங்க தாடி எடுத்ததாலதான் போச்சுன்னு நீங்களும் நம்புறீங்களா?”

நான் துண்டை மறுபடி முகத்தில் சுற்றிக்கொண்டேன்.

“எல்லாரும் உங்க மூஞ்சியப் பாத்தாங்க. நான் என் வயித்தப் பாத்துக்கிட்டு இருந்தேன். எதத் தூக்குனேன், எதத் தின்னேன்னு. யாரு மேலயும் தப்பு இல்லன்னு டாக்டர் சொன்னாங்க. அத நம்பத்தான் பாக்குறேன். ஆனா இந்தத் தாடியப் பாக்குறப்பல்லாம், நம்மள்ல யாரோ தப்பு பண்ணிருக்கோம்னுதான் தோணுது.”

பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு அவளே கத்தரிக்கோலை எடுத்தாள். வயிறு இடித்ததால் அவளால் கிட்டே வர முடியவில்லை. குளியலறையில் நான் மண்டியிட்டேன். காய்ந்த சீழோடு ஒட்டிய முடியைப் பிரிக்கும்போதெல்லாம் புண்ணும் சேர்ந்து இழுபட்டு உயிர் போனது. நான்தான் அழுதேன், அவள் அழவில்லை.

பிறகு வயிற்றில் குழந்தை கொஞ்ச நேரம் அசையாவிட்டாலும் இருவரும் பயந்துபோய் அங்கே கைவைத்துக் காத்திருப்போம். பெண் குழந்தை பிறந்தது. அதற்குள் எனக்கும் ஆறியிருந்தது. பேத்தியைத் தூக்கிய அம்மா, “ஏழு மாசமாவது தாடி வச்சிருந்தானே, அதான் காப்பாத்துச்சு” என்றார். மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். அந்த முறை நான் அம்மாவிடம் சரி என்று சொல்லவில்லை. அவள் பின்னாலேயே போனேன்.

என் வலது தாடையில் ஓரிடத்தில் இன்னும் முடி முளைக்கவில்லை. சவரம் செய்யும்போது கத்தி அங்கே எதிலும் படாமல் வழுக்கும். என் பயத்தை நான் முகத்தில் வளர்த்துக்கொண்டிருந்த மாதங்களில், முதல் கரு போன பழியை அவள் வயிற்றோடு சேர்த்துச் சுமந்தாள் என்பது அப்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது.